அடம்பிடிக்கும் பிள்ளைக்கு என்ன காலை உணவு? ஞாயிறு நாற்றங்கால்... திங்கள் நடவு!

கடந்த கார்த்திகையில், கேழ்வரகு அறுவடை நேரத்தில் பென்னாகரம் பக்கத்தில் ஒரு விவசாயியின் வீட்டுக்குப் போயிருந்தேன். காலை ஏழரை மணி. களத்தில் கேழ்வரகுக் கதிர் குவிந்து கிடந்தது. திண்ணையில் நிலக்கடலை மூட்டைகள். வீட்டுக்குப் பின்னால் முருங்கை, அதன் அடியில் நாலைந்து நாட்டுக்கோழிகள். கறந்த பால் கேனோடு சொசைட்டிக்குக் கிளம்பிவிட்டது.

அந்த வீட்டின் ஐந்து வயதுப் பெண் குழந்தை சீருடையோடு படியில் உட்கார்ந்து, பால் கலக்காத டீயில் பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. எட்டு மணிக்குப் பள்ளி வேன் வரும். "வேற ஒண்ணும் தரலையா?" என்று அதன் அம்மாவிடம் கேட்டேன். "எதைக் குடுத்தாலும் தொடமாட்டேங்குறா மேடம். களி ஆகாது, கூழ் ஆகாது. அழ வெச்சு அனுப்ப மனசு வரல. ரெண்டு பிஸ்கட்டாவது உள்ள போகட்டும்னு விட்டுட்டேன்" என்றார்.

அந்தத் தாயைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. என் வீட்டிலும் இதேதான் நடந்தது.

என் வீட்டுக் கதை

வேளாண்மையில் பட்டம் வாங்கி, பணியில் சேர்ந்து, ஊர் ஊராகச் சிறுதானியம் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலம். என் மகள் காலையில் எதையும் சாப்பிட மாட்டாள். எட்டேகால் பேருந்தை விட்டால் எனக்கு அடுத்த பேருந்து பத்து மணிக்குத்தான். அவள் வாயை மூடிக்கொண்டால் நான் மிரட்டுவேன், அவள் அழுவாள். கடைசியில், பாலில் கலக்கும் கடை மாவு ஒரு டம்ளரும் பிஸ்கட்டும்தான் அவள் காலை உணவு என்று ஆனது. கேழ்வரகு அடை தட்டித் தருவதாக என் மாமியார் பல முறை சொன்னார். "அதெல்லாம் அவ சாப்பிட மாட்டா அத்தை, எனக்கு நேரம் ஆகுது" என்று நானே தடுத்துவிட்டேன்.

எட்டாம் வகுப்பு படிக்கும்போது பள்ளியில் மருத்துவ முகாம் நடந்தது. மகளின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.4 கிராம். அந்த வயதுக்கு 12 கிராமாவது இருக்க வேண்டும். மூன்றாவது பாடவேளைக்கு மேல் தலையைக் கவிழ்த்துவிடுகிறாள் என்று ஆசிரியை சொன்னதை, 'இரவு டி.வி. பார்ப்பதால்' என்று நினைத்திருந்தேன். பயிரின் இலை வெளுத்தால் இரும்புச்சத்துப் பற்றாக்குறை என்று தூரத்திலிருந்தே சொல்லத் தெரிந்த எனக்கு, பெற்ற பெண்ணின் உதடு வெளுத்தது தெரியவில்லை. மருத்துவர் தந்த மாத்திரையும், மாற்றிய சாப்பாடும் அவளைத் தேற்றின. ஆனால் அந்த உறுத்தல் இன்றும் இருக்கிறது.

இது ஏதோ ஒன்றிரண்டு வீட்டுப் பிரச்னை இல்லை. 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைகளில் 57.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. அதில் விளைவிக்கிற வீட்டுப் பிள்ளைகளும் உண்டு என்பதுதான் வேதனை.

பிள்ளை ஏன் மறுக்கிறது?

அடம் என்று நாம் நினைப்பதில் பாதி அடமே இல்லை.

முதல் காரணம், வளர்ச்சியின் வேகம். பிறந்த முதல் ஆண்டில் குழந்தையின் எடை மூன்று மடங்காகிறது. அதன்பின், பள்ளி வயது வரை ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு கிலோதான் கூடும். வேகம் குறையும்போது பசியும் குறையும். நாலு வயதுப் பிள்ளைக்கு ஒரு தோசை, ஒன்றரை தோசை போதும். நாம் மூன்று வைத்துவிட்டு, 'சாப்பிடவில்லை' என்கிறோம்.

இரண்டாவது, புதிய உணவைக் கண்டு பயப்படுவது. இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை இது இயல்பு. பழகாத நிறம், பழகாத வாசனை என்றால் வாயை மூடிக்கொள்ளும். ஒரு புதிய உணவைப் பத்துப் பதினைந்து முறை பார்த்து, தொட்டு, நக்கிப் பார்த்த பிறகே பல குழந்தைகள் ஏற்றுக்கொள்ளும். நாமோ இரண்டாவது முறையிலேயே 'இவளுக்குப் பிடிக்காது' என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

மூன்றாவது, வெறும் வயிற்றில் கொடுக்கும் டீ, பால், பிஸ்கட். எழுந்தவுடன் ஒரு டம்ளர் நிறையக் குடித்த பிள்ளைக்கு அரை மணி நேரத்தில் எப்படிப் பசிக்கும்? டீக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. அதிலுள்ள துவர்ப்புப் பொருள், உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. சிறு பிள்ளைக்கு டீ வேண்டவே வேண்டாம்.

நான்காவது, நம் அவசரம். வேன் வருவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எழுப்பி, தலைவாரிக்கொண்டே ஊட்டினால் அமிர்தமும் கசக்கும்.

ஞாயிற்றுக்கிழமைதான் நாற்றங்கால்

நெல் விவசாயிக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். விதையை நாற்றங்காலில் விடுகிறோம். நாற்று தேறிய பிறகு வயலில் நடுகிறோம். பிள்ளைக்குப் புதிய உணவைப் பழக்குவதும் அப்படித்தான். அவசரமில்லாத ஞாயிற்றுக்கிழமைதான் நாற்றங்கால். வேன் நாட்கள் நடவு வயல். ஞாயிறன்று பழகி, பிள்ளை தானாகக் கை நீட்டிய உணவை மட்டுமே வேன் நாளில் தட்டில் வையுங்கள். திங்கட்கிழமை காலை ஏழரைக்குப் புதிதாக ஒன்றைத் திணிக்கப் பார்த்தால் சண்டைதான் மிஞ்சும்.

ஞாயிறன்று செய்ய வேண்டியவை இவை.

* ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு புதிய உணவு. அளவு சுண்டைக்காய் அளவு போதும். பக்கத்தில் பிள்ளைக்கு நன்றாகப் பிடித்த ஒன்றும் இருக்க வேண்டும்.
* வீட்டில் எல்லோரும் அதையே, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அப்பாவுக்கு இட்லி, பிள்ளைக்குக் கூழ் என்றால் அது செல்லாது.
* சாப்பிடாவிட்டால் 'சரி' என்று தட்டை எடுத்துவிடுங்கள். திட்டவும் வேண்டாம், 'சாப்பிட்டால் மிட்டாய்' என்று ஆசை காட்டவும் வேண்டாம். என்ன உணவு, எந்த நேரம் என்பது நம் பொறுப்பு. எவ்வளவு என்பது பிள்ளையின் வயிற்றுக்குத்தான் தெரியும்.
* வேலையில் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முருங்கைக்கீரை உருவுவது, கடலை உரிப்பது, கோழிக்கூண்டில் முட்டை எடுப்பது எல்லாம் அதற்கு விளையாட்டு. தான் உருவிய கீரையைத் தின்னாமல் விட அதற்கே மனசு வராது.

நிலக்கடலைக்கு 105 நாள் பொறுத்திருக்கிறோம். அது பதினைந்து ஞாயிற்றுக்கிழமை. அதே பொறுமையைப் பிள்ளையிடமும் காட்டுங்கள்.

ஞாயிற்றுக்கு ஏற்றதாக நம் பகுதியின் சிமிலியைச் சொல்வேன். கேழ்வரகு மாவில் கொஞ்சம் உப்புப் போட்டு, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, அடையாகத் தட்டிச் சுட்டெடுங்கள். ஆறியதும் பிய்த்துப் போட்டு, வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை, வெல்லம் சேர்த்து உரலில் இடித்து உருண்டை பிடியுங்கள். இரண்டு டம்ளர் மாவுக்கு ஒரு டம்ளர் கடலை, முக்கால் டம்ளர் வெல்லம் சரியாக இருக்கும். களியைக் கண்டால் ஓடும் பிள்ளையும் சிமிலி உருண்டையைக் கையில் எடுக்கும்.

வார நாட்கள்: வேலை முந்தின இரவே!

காலை உணவின் வெற்றி முந்தின இரவு எட்டு மணிக்கு முடிவாகிறது. மாவு, ஊறவைக்கும் பயறு, உரித்த வெங்காயம், மறுநாள் சீருடை எல்லாம் இரவே தயாராக இருக்கட்டும். பிள்ளையை அரை மணி நேரம் முன்னதாகத் தூங்கவைத்தால், காலையில் அரை மணி முன்னதாக எழும். எழுந்து, ஓடியாடி, முகம் கழுவிய பிறகுதான் பசி வரும்.

நான் பல வீடுகளில் சொல்லி, நடைமுறைக்கு ஒத்துவந்த பட்டியல் இது.

திங்கள்: கேழ்வரகு கலந்த தோசை, கடலைச் சட்னி. தொடக்கத்தில் மூன்று கரண்டி இட்லி மாவுக்கு ஒரு கரண்டி கேழ்வரகு மாவு. இரண்டு வாரம் கழித்து இரண்டுக்கு ஒன்று. பிறகு சரிபாதி. நிறம் மெல்ல மாறுவதால் பிள்ளை முரண்டு பிடிக்காது.

செவ்வாய்: இட்லி, அவித்த முட்டை. ஒரு முட்டையில் ஏறக்குறைய ஆறு கிராம் புரதம் இருக்கிறது.

புதன்: பாசிப்பயறு தோசை. ஒரு டம்ளர் பயறோடு ஒரு கைப்பிடி அரிசி சேர்த்து இரவு ஊறவைத்து, காலையில் இஞ்சி, சீரகத்தோடு அரைத்து வார்க்கலாம். மாவு புளிக்க வேண்டிய வேலை இல்லை.

வியாழன்: சாமைப் பொங்கல். இரண்டு பங்கு சாமைக்கு ஒரு பங்கு பாசிப்பருப்பு. குக்கரில் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும்.

வெள்ளி: முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை, கூடவே தயிர் அல்லது மோர்.

இதோடு தினமும் ஒரு கொய்யாத் துண்டோ, நெல்லிக்காய்க் கீற்றோ, சட்னியில் பிழிந்த எலுமிச்சையோ சேரட்டும். அவற்றிலுள்ள வைட்டமின் சி, தானியத்தில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர உதவும். பாலைச் சாப்பிட்ட பிறகோ, மாலையிலோ கொடுங்கள். நாளுக்கு இரண்டு டம்ளருக்கு மேல் வேண்டாம்.

அவசர நாளில் பழைய சோற்றில் மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு, ஒரு முட்டையோடு கொடுத்தாலும் அது நல்ல உணவுதான். அதைக் கொடுக்க வெட்கப்படுகிறோம். பிஸ்கட் கொடுக்க வெட்கப்படுவதில்லை.

பிள்ளைப் பங்கு: பத்துக் கிலோ ஒதுக்குங்கள்

விளைந்ததில் விதைக்கு என்று முதலில் எடுத்துவைக்கிறோம். அதேபோல் பிள்ளைக்கு என்று ஒரு பங்கு எடுத்துவைக்க வேண்டும். கணக்குப் போட்டால் அது மிகச் சிறிய பங்கு.

வேளைக்கு 50 கிராம் மாவு, வாரத்துக்கு நாலு வேளை என்றால் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்குப் பத்தரைக் கிலோ கேழ்வரகு. நாளுக்கு 20 கிராம் பருப்பு வீதம் வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் ஆண்டுக்கு ஐந்து கிலோ பருப்பு. அதாவது ஏழெட்டுக் கிலோ கடலைக்காய். வாரம் மூன்று முட்டைக்கு மூன்று நாட்டுக்கோழி போதும். ஒரு முருங்கை மரம், ஒரு கொய்யாச் செடி. இவ்வளவுதான்.

மறுபக்கக் கணக்கையும் பாருங்கள். நாளுக்குப் பத்து ரூபாய் பிஸ்கட் என்றால் மாதம் 300 ரூபாய், ஆண்டுக்கு 3,650 ரூபாய். தினம் ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி பாலைப் பிள்ளைக்கு நிறுத்திக்கொண்டால் மாதத்துக்கு ஆறு லிட்டர்தான். அந்த ஆறு லிட்டருக்குச் சொசைட்டியில் கிடைக்கும் தொகையை உங்கள் பால் அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள். பிஸ்கட் செலவுதான் பெரிதாக இருக்கும்.

சத்துக் கணக்கும் இதையே சொல்லும். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் பத்து மில்லிகிராம் அளவுதான். கம்பில் 100 கிராமுக்கு ஆறு மில்லிகிராமுக்குக் குறையாமல் இரும்புச்சத்து இருக்கிறது. தானியத்தை முளைகட்டி அரைத்தால் அதில் சத்தைப் பிடித்துவைக்கும் பொருள் குறைந்து, உடம்பில் கூடுதலாகச் சேரும்.

வேளாண் அலுவலராக மூன்று எச்சரிக்கைகள்:

* விதைநேர்த்தி செய்து மீந்த விதையை எக்காரணம் கொண்டும் சமையலுக்கு எடுக்காதீர்கள். கழுவினாலும் மருந்து முழுதாகப் போகாது.
* கறுத்த, சுருங்கிய, பூஞ்சணம் பிடித்த கடலையைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். அதிலுள்ள அஃப்ளாடாக்சின் நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும், வறுத்தாலும் போகாது. காயைக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வரும்வரை காயவைத்துச் சேமியுங்கள்.
* மருந்து அடித்த வயலின் வரப்பில் முளைத்த கீரையைப் பறிக்காதீர்கள். வீட்டுக்குப் பின்னால் உள்ளதே போதும்.

பள்ளியில் கிடைக்கும் உணவு

அரசுத் தொடக்கப் பள்ளியில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இருக்கிறது. 2022 செப்டம்பர் 15-ல் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் விரிவானது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று காய்கறி சாம்பாரோடு சூடாகக் கிடைக்கிறது. அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு வீட்டில் டீயும் பிஸ்கட்டும் கொடுத்துப் பசியை அடைத்து அனுப்பாதீர்கள். வீட்டில் மறுக்கும் பிள்ளை, பத்துப் பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்தால் சாப்பிடும்.

பள்ளியிலும் அங்கன்வாடியிலும் ஆண்டுக்கு இரண்டு முறை தரும் குடற்புழு மாத்திரையைத் தவறவிடாதீர்கள். வெறுங்காலோடு வயலில் நடக்கும் பிள்ளைக்குக் கொக்கிப்புழு வந்தால், நாம் கொடுக்கும் சத்தெல்லாம் வீணாகும்.

வாசகர் கேள்விகள்

"என் நாலு வயது மகன் சர்க்கரை தொட்டு வெறும் தோசை மட்டும்தான் சாப்பிடுகிறான். வேறு எதையாவது ஊட்டினால் வாந்தி எடுக்கிறான். என்ன செய்வது?" – வாசகி, அரூர்

ஊட்டுவதை நிறுத்துங்கள். தோசையை அவனிடமிருந்து பறிக்க வேண்டாம். தோசைக்குள் இருப்பதை மாற்றுங்கள். மேலே சொன்னபடி கேழ்வரகோ, பாசிப்பயறோ கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். சர்க்கரைக்குப் பதில் வறுத்துப் பொடித்த கடலையோடு வெல்லம் கலந்து வையுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே முழுக்கடலை தொண்டையில் அடைக்கும், பொடித்தே கொடுக்க வேண்டும். எடை கூடவில்லை, உதடும் நகமும் வெளுத்திருக்கிறது, மண், பல்பம், சாம்பல் தின்கிறான், எதை விழுங்கினாலும் குமட்டுகிறது என்றால் அது அடம் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, ரத்தம் பரிசோதியுங்கள்.

"சாமந்தி பறிக்க நானும் மனைவியும் விடியும் முன்பே தோட்டத்துக்குப் போய்விடுகிறோம். வயதான அம்மாதான் பிள்ளைகளை அனுப்புகிறார். அவரால் அடுப்பில் நின்று சமைக்க முடியவில்லை." – வாசகர், பாலக்கோடு

அடுப்பு தேவைப்படாத உணவை இரவே தயார்செய்து வையுங்கள். சிமிலி உருண்டை, அவித்த முட்டை, வாழைப்பழம், மோர் இருந்தால் போதும். சிமிலியை ஓரிரு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். பிள்ளை எட்டும் உயரத்தில் மூடி வைத்தால், பாட்டி பக்கத்தில் உட்கார்ந்தாலே போதும். உங்களில் ஒருவர் ஏழு மணிக்கு அரை மணி நேரம் வீட்டுக்கு வந்துபோக முடிந்தால் இன்னும் நல்லது. அந்த ஒருவர் அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மருந்து அடித்த நாளில் குளித்து, துணி மாற்றிய பிறகே பிள்ளையைத் தொடுங்கள்.

"கடை சத்துமாவுக்குப் பதில் வீட்டிலேயே செய்ய அளவு சொல்லுங்கள்." – வாசகி, ஊத்தங்கரை

கேழ்வரகு ஒரு கிலோ, கம்பு அரைக் கிலோ, பாசிப்பயறு கால் கிலோ. மூன்றையும் தனித்தனியாகப் பத்து மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் கட்டி முளைவிடுங்கள். முளை எட்டிப்பார்த்ததும் நன்றாகக் காயவைத்து, வாசனை வர வறுத்து, கால் கிலோ பொட்டுக்கடலையோடு அரையுங்கள். நிலக்கடலையை மாவோடு சேர்த்து அரைத்தால் எண்ணெய்ச் சிக்கு வாடை வரும். காய்ச்சும்போது தனியாகப் பொடித்துப் போடுங்கள். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்து, ஈரமில்லாத டப்பாவில் வையுங்கள்.

நிறைவாக...

அந்தப் பென்னாகரம் வீட்டுக்குத் தை மாதம் மறுபடி போனேன். பிள்ளை இன்னும் களியைத் தொடுவதில்லை. ஆனால் டீயை நிறுத்திவிட்டார்கள். சிமிலி பழகியிருந்தது, தோசையில் சரிபாதி கேழ்வரகு வந்திருந்தது. அடுப்படி மூலையில் ஒரு தூக்குவாளி நிறையக் கேழ்வரகு. "இது பாப்பாவுது மேடம். விலை ஏறினாலும் இதை எடுக்கமாட்டேன்" என்றார் அந்த விவசாயி.

என் மகளுக்கு இப்போது நாலு வயதில் ஒரு மகன் இருக்கிறான். அவனும் ஒன்றும் லேசுப்பட்டவன் இல்லை. போன ஞாயிறு கம்மங்கூழை ஆறாவது முறையாகத் துப்பினான். வரும் ஞாயிறு ஏழாவது முறை வைப்போம்.

நீங்களும் இந்த ஞாயிறு தொடங்குங்கள்.